அறுநூறு மணிக் கையெழுத்து

மேடையில் வீற்றிருக்கும் கல்லூரிச் செயலர் அவர்களே! முதல்வர் முனைவர் ஈவாஞ்சலின் அம்மையார் அவர்களே! தம் தொழிற்சாலையின் கதவை நம் மாணவர்களுக்குத் திறந்துவிட்ட, இறால் ஏற்றுமதி நிறுவனத்தின் மேலாளர் பொன்னுதுரை அண்ணாச்சி அவர்களே! கணவரைப் பறிகொடுத்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஞானபாக்கியம் அம்மா அவர்களே! சக பேராசிரியர்களே, மாணவ மாணவியரே! உங்கள் எல்லாருக்கும் பிரைட்டனின் கனத்த வணக்கம்.

முதலில் ஓர் அறிவிப்பு. மாணவர்கள் கவனிக்க வேண்டும். இன்று காலை வேலைக்குப் போகாமல் இங்கே வந்திருக்கிறீர்கள். இந்த இரண்டு மணி நேரம் உங்கள் பணி நேரத்தில் சேராது. பின்வரிசையில் முணுமுணுப்பு கேட்கிறது. கேட்கட்டும்! மாலை போட்ட படமாக என் பக்கத்தில் இருக்கிறாரே, பேராசிரியர் முனைவர் தனராஜ், அவர் உயிரோடு இருந்து இந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கியிருந்தால் இதைத்தான் முதலில் சொல்லியிருப்பார். அவரைப் பற்றிப் பேச வந்தவன் அவரைப் போலத் தொடங்குவதுதானே மரியாதை?

அவர் யார்? 'கற்றலும் பணியும்' திட்டத்தின் இயக்குநர். ஊரில் அதற்குச் சம்பளப் படிப்பு என்று பெயர். வாரத்தில் ஐந்து நாள் வகுப்பு, ஒரு நாள் துறைமுகத்திலோ, உப்பளத்திலோ, இறால் கம்பெனியிலோ வேலை. வேலைக்குச் சம்பளம் உண்டு. மூன்று வருடத்தில் அறுநூறு மணி நேரம் வேலை பார்த்திருக்க வேண்டும். கடைசியில் ஒரு படிவம். அதில் இயக்குநர் கையெழுத்துப் போட்டால்தான் பட்டம். போடாவிட்டால் தேர்வில் தொண்ணூறு மதிப்பெண் வாங்கியிருந்தாலும் வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

அந்தப் படிவத்தைப் பற்றித்தான் இன்று ஊரெல்லாம் பேச்சு. எனக்குத் தெரியாதா? வாசலில் செருப்புக் கழற்றும் இடத்திலேயே பேசிக்கொண்டீர்கள். மூன்றாம் வரிசையில், ஓரத்தில், ஒரு மாணவி இருக்கிறாள். பெயர் இசக்கிச்செல்வி. மீன் பதனிடும் தொழில்நுட்பம், மூன்றாம் ஆண்டு. கொற்கைக்காரி. பக்கத்தில் அவளுடைய அம்மா செல்லக்கிளி. கொச்சியில் ஓர் உணவுப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வேலை கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமை சேர வேண்டும். இன்று வெள்ளி. அவளுடைய படிவத்தில் கையெழுத்து இல்லை. போட வேண்டியவர் செவ்வாய்க்கிழமை போய்ச் சேர்ந்துவிட்டார். நேற்று முதல்வரம்மா என்னைப் பொறுப்பு இயக்குநராக அமர்த்தியிருக்கிறார். ஆகவே தாயும் மகளும் அஞ்சலிக்கு மட்டும் வரவில்லை. என் பேனாவைப் பார்க்க வந்திருக்கிறார்கள்.

பார்க்கட்டும். ஆனால் முதலில் அந்த மாமனிதரைப் பற்றிக் கேட்கட்டும்!

பதினைந்து ஆண்டுகளுக்கு முன் இந்தத் திட்டம் வெறும் காகிதம். ஹார்பர் ரோட்டில் ஒவ்வொரு கம்பெனி வாசலாக அவர் ஏறி இறங்கினார். நாசரேத்தில் பிறந்து மிஷன் பள்ளியில் படித்து முனைவர் பட்டம் வாங்கியவர், ஒரு வாட்ச்மேன் ஸ்டூலில் மூன்று நாள் காத்துக் கிடந்தார். மூன்றாம் நாள் முதலாளி கூப்பிட்டார். "உங்க பயலுவள அனுப்புங்க சார். வேலைய படிச்சிட்டுப் போகட்டும். சம்பளம் எதுக்கு?" என்றார்.

தனராஜ் சார் என்ன சொன்னார் தெரியுமா? "சம்பளம் இல்லாம வேலை பார்த்தா அது படிப்பு இல்ல அண்ணாச்சி. எடுபிடி. எம் பிள்ளைக எவனுக்கும் எடுபிடி இல்ல."

இதைச் சொன்னவர் எத்தனை பேர் இந்த நாட்டில்? பட்டத்தைச் சுருட்டிக் கையில் கொடுத்துவிட்டு, வேலையை நீயே தேடிக்கொள் என்று கதவைச் சாத்துகிற கல்லூரிகளுக்கு நடுவே, படிக்கும்போதே உழைப்பும் உழைப்புக்குக் கூலியும் என்று நின்றவர் அவர். அந்த ஒரு வாக்கியத்துக்காக இந்தத் தூத்துக்குடி அவருக்குக் கடன்பட்டிருக்கிறது. இதை நான் மனதாரச் சொல்கிறேன். இன்று அவரைப் பற்றி நான் சொல்லப்போகும் எதையும் இதைக் கழித்துவிட்டுக் கேட்காதீர்கள்.

முதல் அணியில் நாங்கள் பதினெட்டுப் பேர். நான் சாத்தான்குளத்துப் பையன். உப்பு மூட்டை கட்டும் ஷெட்டில் போட்டார்கள். மே மாதம். தகரக் கூரை. ஒரு நாள் மூட்டை எண்ணிக்கொண்டே இருந்தவன் மயங்கி விழுந்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். சாயங்காலம் சார் வந்தார். கையில் இரண்டு ஆரஞ்சுப் பழம். உரித்து ஊட்டினார். ஊட்டிவிட்டு என் பணிக் குறிப்பேட்டை எடுத்து, அன்றைக்கு எழுதியிருந்த எட்டு மணியை அடித்து நாலு என்று திருத்தினார்.

"சார், வேலை எடத்துலதான சார் விழுந்தேன்," என்றேன்.

"ஏலே பிரைட்டன், விழுந்து கெடக்கது வேலையாலே? எழுந்திருச்சு வேலை பார்த்தாத்தாம்லே மணி."

சிரிக்கிறீர்கள். நானும் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அடுத்த மாதம் கூட்டிப் பார்த்தால் எனக்கு ஐந்நூற்றுத் தொண்ணூற்றாறு மணி. நாலு குறைவு. ஒரு கப்பல் ஏஜென்சியில் எனக்கு வேலை தயாராக இருந்தது. சிங்கப்பூர் அலுவலகம். பாஸ்போர்ட்கூட எடுத்து வைத்திருந்தேன். சார் கையெழுத்துப் போடவில்லை. காலில் விழுந்தேன். காலை நகர்த்திக்கொண்டார். என் அப்பா ஜெபகனி, ஓய்வுபெற்ற ஆசிரியர், வாழ்க்கையில் யாரிடமும் கை கட்டி நிற்காதவர், வந்து கை கட்டி நின்றார். அப்போதும் போடவில்லை. ஒரு வருடம் காத்திருந்து, அடுத்த அணியோடு அந்த நாலு மணியை முடித்துப் பட்டம் வாங்கினேன். சிங்கப்பூர் அதற்குள் வேறொருவனுக்குப் போய்விட்டது. பிறகு சாரே என்னைக் கூப்பிட்டு இந்தக் கல்லூரியில் வேலை கொடுத்தார். பதினோரு வருடமாக அவருக்குப் பக்கத்து அறையில் இருக்கிறேன்.

அவர் கையெழுத்து மறுத்த அன்று கக்கூஸுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அவரைச் சபித்தேன். இன்று இந்த மேடையில் நின்று சொல்கிறேன்: அந்தச் சாபத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். என்னை ஆளாக்கியவர் அவர். வேறு எப்படிச் சொல்வேன்? வேறு மாதிரிச் சொன்னால் என் பதினைந்து வருடம் என்ன ஆவது?

இனி இசக்கிச்செல்வியின் கதைக்கு வருகிறேன். பொன்னுதுரை அண்ணாச்சி மேடையிலேயே இருக்கிறார். தவறாகச் சொன்னால் திருத்தட்டும்.

அண்ணாச்சியின் கம்பெனியில் உறைந்த இறாலைப் பெட்டி பெட்டியாக அடுக்கி வைக்கும் குளிர் அறை ஒன்று உண்டு. மைனஸ் பதினெட்டு டிகிரியில் இருக்க வேண்டும். கதவில் ஓர் அட்டை தொங்கும். மணிக்கு ஒரு தடவை மீட்டரைப் பார்த்து அட்டையில் எழுத வேண்டும். இது விதி. நடைமுறை வேறு. காலையில் ஷிஃப்டுக்கு வருகிறவர் அட்டையைக் கையில் எடுத்து, மேலிருந்து கீழ் வரைக்கும் மைனஸ் பதினெட்டு, மைனஸ் பதினெட்டு என்று அந்த நாளைக்கே எழுதி முடித்துவிட்டு டீ குடிக்கப் போவார். நெளியாதீர்கள் அண்ணாச்சி! இந்தக் கடற்கரையில் எந்தக் குளிர் அறையில் வேறு மாதிரி நடக்கிறது? எல்லாருக்கும் தெரியும். பரிசோதனைக்கு வருகிறவருக்கும் தெரியும்.

போன ஆகஸ்ட், மாதா கோயில் திருவிழா லீவு. கரண்ட் போனது. ஜெனரேட்டர் ஓடவில்லை. மெக்கானிக் திருவிழாவில் இருந்தார். ஷிஃப்டில் இருந்தவள் இந்தப் பெண். அவள் என்ன செய்தாள்? மணிக்கொரு தடவை மீட்டரைப் பார்த்தாள். பார்த்ததை எழுதினாள். பதினெட்டு. பதினாறு. பன்னிரண்டு. கடைசியில் மைனஸ் ஒன்பது. சாயங்காலம் கரண்ட் வந்தது. அறை குளிர்ந்தது. ஆனால் அட்டை அப்படியே தொங்கியது. மறுநாள் கொச்சியிலிருந்து சரக்கு வாங்க வந்தவர் அட்டையைப் பார்த்தார். மொத்தச் சரக்கையும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

இறால் உரிக்கும் பெண்கள் இருபத்தேழு பேருக்கு இரண்டு வாரம் வேலை இல்லை. அதில் ஒருத்தி, சுடலைச்செல்வி என்ற அம்மாள், கல்லூரி வாசலுக்கே வந்துவிட்டாள். "ஏளா, ஒரு நம்பர மாத்தி எழுதுனா ஒங் கை முறிஞ்சா போவும்? எம் புள்ளைக்கு நீயாளா சோறு போடுவே?" என்று இந்தப் பெண்ணைப் பார்த்துக் கத்தினாள். அண்ணாச்சி அன்றே தனராஜ் சாருக்குப் போன் செய்தார். அந்தப் பிள்ளை அங்கே செய்த வேலையைக் கணக்கில் எடுத்தால், இனி நம் கல்லூரி மாணவர் ஒருவரைக்கூட உள்ளே விடமாட்டேன் என்றார். அப்போது அங்கே பதினொரு பேர் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு பக்கம் பதினொரு பேர். மறுபக்கம் ஓர் அட்டை. நீங்கள் அந்த நாற்காலியில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? சார் அரை மணி நேரம் யோசித்தார். பிறகு இசக்கிச்செல்வி அந்தக் கம்பெனியில் பார்த்த நூற்றிருபது மணியையும் ஒரே கோட்டில் அடித்தார். அறுநூறு வந்திருக்க வேண்டிய கணக்கு நானூற்றெண்பதில் நின்றது. வேறு இடத்தில் ஈடுசெய்யலாம் என்று போனாள். ஹார்பர் ரோட்டில் ஒருவரும் அவளைச் சேர்க்கவில்லை. பெயரைச் சொன்னதுமே, அந்த அட்டைக்காரப் பிள்ளையா என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். குளிர்பதனப் பாடத்தை அவளுக்கு நடத்தியவன் நான். கண்ணால் பார்த்த அளவை மட்டுமே பதிவு செய்ய வேண்டும் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டவன் நான். தேர்வில் அதே கேள்வி வந்தது. அதே பதிலை எழுதினாள். முழு மதிப்பெண் போட்டேன். அப்புறம் ஏன் தண்டனை என்று கேட்பீர்கள். வகுப்பில் எழுத வேண்டியது எது, வேலையில் எழுத வேண்டியது எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாத பிள்ளைக்கு எதற்கு இரண்டையும் இணைக்கிற பட்டம்? கசக்கிறதா? கசக்கட்டும். கெட்டுப்போன இறாலைத் தின்று எங்கோ ஒரு நாட்டில் யாருக்கோ வயிறு கலங்கினால், அந்த முகத்தை நாம் பார்க்கப் போவதில்லை. அண்ணாச்சியின் முகத்தை நாளைக் காலையும் பார்த்தாக வேண்டும். சார் இதை என்னிடம் சொன்னதில்லை. அவர் செய்ததிலிருந்து நான் படித்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அந்தப் பெண் சாரின் அறை வாசலில் படிவத்தோடு நின்றாள். அது பதினாறாவது தடவை. அன்று என்னவோ உள்ளே கூப்பிட்டார். படிவத்தை வாங்கி மேசையில் வைத்துக்கொண்டார். "வெளிய இரு, கூப்பிடுதேன்," என்றார். கால் மணி நேரம் ஆயிற்று. உள்ளே ஏதோ விழுந்த சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தவள் அவள்தான். வாட்ச்மேனும் அவளுமாகத் தூக்கி ஆட்டோவில் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரி போகும் வரைக்கும் தலையை மடியில் வைத்திருந்தாள். பலனில்லை. கர்த்தருக்குள் இளைப்பாறப் போய்விட்டார். அவரைத் தூக்கிக்கொண்டு ஓடியதற்காக அவளுக்கு இந்தக் கல்லூரியின் சார்பில் நன்றி சொல்லிக்கொள்கிறேன். நன்றியை நன்றியாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

சாயங்காலம் அறையைப் பூட்டப் போனவன் நான். மேசையில் படிவம் கிடந்தது. பேனா மூடி கழற்றியிருந்தது. அடித்திருந்த நூற்றிருபது மணிக்கு மேலே, சாரின் கையால், 'சேர்த்துக்கொள்க' என்று எழுதியிருந்தது. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் ஓர் எழுத்து. 'த'. அதற்கப்புறம் ஒரு நீளமான கோடு, காகிதத்தின் ஓரம் வரைக்கும்.

ஆமாம், இதுவரை நான் யாரிடமும் சொல்லவில்லை. அந்தப் படிவம் என் சட்டைப் பைக்குள்தான் இருக்கிறது.

ஞானபாக்கியம் அம்மா நேற்று துக்க வீட்டில் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்கள்: "தம்பி, திங்கக்கெழம சாப்பிடும்போதே சொன்னாவ. அந்தக் கொற்கைப் பிள்ள சரியாத்தான் எழுதியிருக்கு, நான்தான் தப்பா அடிச்சிட்டேன், நாளைக்குப் போட்டுக் குடுத்திருதேன்னு. நீங்க முடிச்சுக் குடுத்திருங்க தம்பி. அவுக மனசு ஆறும்."

அம்மா, நீங்கள் தலையாட்டுவது தெரிகிறது. நீங்கள் பொய் சொல்வதாக நான் சொல்லவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். உங்களைக் கேட்கவில்லை, அவரைக் கேட்கிறேன். சார்! எனக்கு நாலு மணி. நாலே நாலு மணி! ஆஸ்பத்திரியில் கையில் ஊசியோடு கிடந்தேனே, அன்றைக்கு எங்கே போயிற்று இந்த மனசு? என் அப்பா உங்கள் முன்னால் கை கட்டி நின்றாரே, அவருக்கு இரங்காத நீங்கள் இவளுக்கு எப்படி இரங்கினீர்கள்? இரங்கத் தெரியும் என்றால் பதினைந்து வருடமாக எங்களிடம் ஏன் மறைத்தீர்கள்? நான் உங்களைப் போல ஆவதற்குப் பட்ட பாடெல்லாம் எதற்கு?

மன்னிக்க வேண்டும். கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள்.

இசக்கிச்செல்வி. எழுந்திரு. எல்லாரும் பார்க்கிறார்கள் என்று தலையைக் குனியாதே. உனக்கு ஒரு வாய்ப்பு தருகிறேன், இத்தனை பேரைச் சாட்சியாக வைத்து. அன்று நீ மீட்டரைச் சரியாகப் பார்க்கவில்லை, அவசரத்தில் தப்பாக எழுதிவிட்டாய், அறை மைனஸ் பதினெட்டில்தான் இருந்தது என்று அண்ணாச்சியைப் பார்த்துச் சொல். அவரும் சமாதானமாகிவிடுவார். இப்போதே போடுகிறேன். திங்கட்கிழமை நீ கொச்சியில் இருக்கலாம். செல்லக்கிளி அம்மா, கையை எடுங்கள், என்னைக் கும்பிட வேண்டாம், பிள்ளை பேசட்டும். சொல்லு. அன்றைக்கு எத்தனை டிகிரி?

கேட்கவில்லை. மைக் கொடுங்கள் அவளுக்கு.

"மைனஸ் ஒம்பது சார்."

இன்னொரு தடவை கேட்கிறேன். கடைசித் தடவை. உன் அம்மாவைப் பார். பார்த்துவிட்டுச் சொல். எத்தனை?

"ஒம்பதுதான் சார் இருந்துச்சு."

சரி. உட்கார்.

பெரியோர்களே! இரங்கல் கூட்டத்தில் உறுதிமொழி எடுப்பது நம் வழக்கம். நானும் எடுக்கிறேன். பேராசிரியர் முனைவர் தனராஜ் அவர்களே! நீங்கள் திறந்த கம்பெனிக் கதவுகள் ஒன்றைக்கூட மூட விடமாட்டேன். உங்கள் அறுநூறு மணியில் ஒரு நிமிடத்தைக்கூட யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். பதினைந்து ஆண்டுகள் நீங்கள் யாருக்காகவும் அசையவில்லை. கடைசி நாளில் உடம்பு முடியாமல் போனபோது கொஞ்சம் அசைந்துவிட்டீர்கள். மனிதர்தானே! அதை யாரும் உங்கள் பெயரில் ஏற்றக் கூடாது என்று, அது நெஞ்சுவலியில் கை இழுத்த கோடு, கையெழுத்து அல்ல என்று அலுவலகக் குறிப்பில் நேற்றே எழுதி வைத்துவிட்டேன். அந்த ஓர் எழுத்துக்காக உங்களை மன்னிக்கிறேன், சார். உங்கள் பணி முழுவதையும் நான் தொடர்வேன். அந்த எழுத்தை மட்டும் தொடர மாட்டேன்.